அச்சத்தால் அரண் அமைத்த அல்பேனியா

மலை அரணாகவும் இருக்கும், சிறையாகவும் இருக்கும். கள்ளக்குறிச்சிப் பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. மேற்கே நெடுஞ்சுவராய் எழுந்து நிற்கும் கல்வராயன் மலை, கோமுகி ஆற்றைத் தந்து அடிவாரத்துக் கழனிகளை வாழ்விக்கிறது. ஆயினும் அம்மலையின் மடிப்புகளுக்குள் வாழ்ந்த மக்கள், நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழியும் வரை ஜாகீர்தார்களின் பிடியிலேயே இருந்தனர். கூலியின்றி உழைக்க அழைக்கப்பட்டால் மறுக்க வழியில்லை. 1976-ஆம் ஆண்டில்தான் ஜாகீர் முறை முடிவுற்று, மலை அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தது. சாலையும் பள்ளியும் அதன்பின் மெல்ல மெல்ல மலையேறின; இன்னும் ஏறி முடியவில்லை.

அதே 1976-ஆம் ஆண்டின் டிசம்பர் திங்களில், ஐரோப்பாவின் மலைநாடு ஒன்று இதற்கு நேர்மாறானதொரு செயலைச் செய்தது. வெளியுலகை நோக்கிய தன் வாயில்களையெல்லாம் சட்டம் எழுதியே அடைத்துக்கொண்டது. அந்நாட்டின் பெயர் அல்பேனியா. முதலாளித்துவ நாடுகளிடமும் கொள்கை திரிந்த பொதுவுடைமை நாடுகளிடமும் கடன் பெறுதல் ஆகாது; அந்நியப் படைக்குத் தளம் தருதல் ஆகாது; நாட்டின் பெயரால் சரணடைதலை ஏற்றுக் கையொப்பமிட எவருக்கும் உரிமையில்லை; அரசு எந்தச் சமயத்தையும் ஏற்பதில்லை, நாத்திகப் பிரசாரத்தையே ஆதரிக்கும். இவை யாவும் அவ்வாண்டு இயற்றப்பட்ட அரசியல் சட்டத்தில் இடம்பெற்ற விதிகள். கடன் வாங்காதிருப்பதும் கடவுளை வணங்காதிருப்பதும் ஒரே சட்டப் புத்தகத்தில் தேசப் பாதுகாப்பாக எழுதப்பட்ட விந்தையை உலகம் அதற்கு முன் கண்டதில்லை.

எங்கோ கிடக்கும் அந்நாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். தொடர்பு நம் இல்லங்களின் சுவர்களிலேயே மாட்டப்பட்டிருக்கிறது. நீலக்கரை வெள்ளைச் சேலை உடுத்திய அந்த முதிய அன்னையின் படத்தைத்தான் குறிப்பிடுகிறோம். கல்கத்தாவின் தெருக்களைத் தம் வீடாக்கிக்கொண்ட அன்னை தெரேசா, 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் ஸ்கோப்யே நகரில் பிறந்தவர். அந்நகர் இன்று வட மாசிடோனியாவில் உள்ளது. ஆனால் அவர் பிறந்த குடும்பம் அல்பேனியக் கத்தோலிக்கக் குடும்பம். அவர் தாய்மடியில் கற்ற மொழி அல்பேனிய மொழி. இந்தியக் குடியுரிமை பெற்று, இந்தியக் கடவுச்சீட்டோடு உலகெங்கும் சென்று வந்த அவ்வன்னையால், பல்லாண்டுகள் செல்ல முடியாதிருந்த நாடு ஒன்று உண்டெனில், அது தம் சொந்தத் தாய் வாழ்ந்த நாடுதான். அது ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தொடங்குமுன் ஒரு சொல். பொதுவுடைமை என்ற பெயரில் நம் நாட்டில் இயங்கும் கட்சிகள் தேர்தலில் நின்று வென்றும் தோற்றும் வருபவை. 1957-இல் கேரளத்தில் வாக்குச் சீட்டாலேயே ஆட்சிக்கு வந்தவை. இங்கே நாம் பேசுவது அதனை அன்று. மாற்றுக் கட்சி என்ற ஒன்றே இல்லாத, வாய்திறந்தவன் வீடு திரும்பாத ஒரு சர்வாதிகாரத்தைப் பற்றியே பேசுகிறோம்.

இத்தாலி நாடு ஒரு காலணி போன்ற வடிவுடையது என்று பள்ளியில் படித்திருப்போம். அக்காலணியின் குதிகாலுக்கு நேர் எதிரே, எழுபது கிலோமீட்டர் அளவே அகன்ற கடலுக்கு அப்பால் அல்பேனியா தொடங்குகிறது. பரப்பு 28,748 சதுர கிலோமீட்டர். தமிழகத்தில் கால்பங்குகூட இல்லை. பெரும்பகுதி மலை. மக்களில் மிகுதியானவர் இசுலாமியர்; அடுத்தவர் கிழக்குத் திருச்சபையைச் சார்ந்த கிறிஸ்தவர்; பத்தில் ஒருவர் அளவில் கத்தோலிக்கர், அவரும் பெரும்பாலும் வடக்கு மலைகளில் வாழ்வோர். அம்மலைமக்களுக்கு எழுதாச் சட்டம் ஒன்று இருந்தது. ‘பேசா’ என்பது அதன் பெயர். கொடுத்த வாக்கைக் காப்பது, வாசலில் வந்து நின்றவன் பகைவனேயாயினும் அவனுக்கு உணவும் உறையுளும் தந்து உயிர் காப்பது என்பதே அதன் சாரம். வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களில் களியும் கீரையும் இட்டு வழிப்போக்கரை உபசரித்த மக்களை அறிந்தவர்களுக்கு இஃது எளிதில் விளங்கும். இப்படிப்பட்ட மக்களைக் கொண்ட நாடுதான், அந்நியன் என்றாலே ஒற்றன் என்று அஞ்சும் நாடாக ஆக்கப்பட்டது.

அவ்வச்சத்திற்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நடுநிலையோடு நோக்கினால், அல்பேனியர் பட்ட அடிகள் மெய்யானவை. 1912-இல் துருக்கியரிடமிருந்து விடுதலை பெற்ற அந்நாட்டின் எல்லைகளைப் பேரரசுகள் தம் விருப்பம்போல் வரைந்தன. அல்பேனிய மொழி பேசுவோரில் பெரும் பகுதியினர் எல்லைக்கு வெளியே விடப்பட்டனர். 1939-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் முசோலினியின் படைகள் அந்நாட்டில் இறங்கின. அன்று பெரிய வெள்ளிக்கிழமை. கத்தோலிக்க நாடு என்று பெயர் கொண்ட ஒன்று, ஆண்டவர் உயிர்நீத்த நாளில் அண்டை நாட்டின்மீது பாய்ந்ததை வரலாறு மறக்கவில்லை, மலைமக்களும் மறக்கவில்லை. இத்தாலியருக்குப் பின் ஜெர்மானியர் வந்தனர். போர் முடிந்த பின்னரும் தெற்கே கிரேக்கம் நிலம் கேட்டது. வடக்கே யூகோஸ்லாவியா நாட்டையே விழுங்கிவிட எண்ணியது. 1946-இல் கோர்ஃபூ நீரிணையில் கண்ணிவெடிகளில் மோதி இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சிதைந்து, 44 மாலுமிகள் மாண்டனர். அதனால் எழுந்த வழக்கு பன்னாட்டு நீதிமன்றம் வரை சென்று அல்பேனியாவுக்கு எதிராக முடிந்தது. 1949 முதல் சில ஆண்டுகள் பிரிட்டனும் அமெரிக்காவும் நாடுவிட்டு ஓடிவந்த அல்பேனியருக்குப் பயிற்சி தந்து, ஆட்சியைக் கவிழ்க்க இரகசியமாக உள்ளே அனுப்பின. அவர்களுள் பலர் இறங்கிய இடத்திலேயே பிடிபட்டு மாண்டனர்.

ஆகவே பகை என்பது கற்பனை அன்று. ஆனால் உண்மையான பகையை முதலாக வைத்து, அதன்மேல் கற்பனைப் பகைகளை வட்டிக்கு வட்டியாகப் பெருக்கிக்கொண்டவர் என்வர் ஹோஜா. 1908-இல் பிறந்து, பிரான்சில் சிறிது படித்து, ஆசிரியராய் இருந்து, போர்க்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரான இவர், 1944 முதல் 1985 ஏப்ரலில் இறக்கும் வரை நாற்பது ஆண்டுகள் அந்நாட்டை ஆண்டார். அவருடைய அயல்நாட்டுக் கொள்கையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ஒரு பெரிய நண்பனை அண்டுவது, பின் அவனைத் துரோகி என்று அறிவித்துப் பிரிவது. அதைவிடக் கவனிக்கத்தக்கது வேறொன்று. வெளியே ஒரு நட்பு முறியும்போதெல்லாம் உள்ளே சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

முதல் நண்பன் யூகோஸ்லாவியா. 1948-இல் ஸ்டாலின் தித்தோவைத் தள்ளிவைத்தவுடன், ஹோஜா ஒரே இரவில் என்று சொல்லத்தக்க விரைவில் பக்கம் மாறினார். அதுவரை உள்துறை அமைச்சராய் இருந்து மற்றவர்களைச் சிறையிலடைத்த கோச்சி ஜோஜே, யூகோஸ்லாவியாவின் கையாள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு 1949-இல் கொல்லப்பட்டார்.

அடுத்த நண்பன் சோவியத் நாடு. ஸ்டாலின் வாழ்ந்தவரை எல்லாம் நன்றாகவே நடந்தது. 1955-இல் வார்சா உடன்படிக்கையில் அல்பேனியாவும் கையொப்பமிட்டது. வ்லோரா வளைகுடாவில் சோவியத் நீர்மூழ்கிக் கப்பல்கள் வந்து தங்கின. ஸ்டாலினைக் குருஷேவ் குறைகூறத் தொடங்கியதும் ஹோஜாவுக்கு நடுக்கம் கண்டது. அங்கே கூறப்பட்ட குற்றங்கள் யாவும் தமக்கும் பொருந்தும் அன்றோ! 1960-இல் மாஸ்கோவில் கூடிய உலகக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் மாநாட்டிலேயே குருஷேவை வெளிப்படையாகத் தாக்கினார். அவ்வாண்டு அல்பேனியாவில் வறட்சி. மாஸ்கோ தானியத்தைத் தாமதப்படுத்தி அவரைப் பணியவைக்கப் பார்த்தது, அவர் பணியவில்லை. 1961-இல் உறவு அறுந்தது. சோவியத்தார் எட்டு நீர்மூழ்கிகளைக் கொண்டு சென்றனர். நான்கு அல்பேனியரிடம் தங்கிவிட்டன. கடற்படைத் தளபதி தேமே செய்கோ, யூகோஸ்லாவியாவோடும் கிரேக்கத்தோடும் அமெரிக்கக் கடற்படையோடும் சேர்ந்து சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு அதே ஆண்டு கொல்லப்பட்டார். இம்மூன்று தரப்புகளையும் ஒரே மனிதர் ஒன்று சேர்த்தார் என்பது நம்பும்படியாகவா இருக்கிறது? ஆனால் அந்நீதிமன்றத்தில் நம்பிக்கைக்கு இடமில்லை. ஒப்புதல் வாக்குமூலத்திற்கே இடம்.

மூன்றாம் நண்பன் மக்கள் சீனம். உலகில் மிகப் பெரிய கம்யூனிஸ்ட் நாடும் ஐரோப்பாவில் மிகச் சிறிய கம்யூனிஸ்ட் நாடும் கைகோத்த அந்த உறவு, பார்ப்பவர்க்கு வேடிக்கையாகவும் இருந்தது. ஐக்கிய நாடுகள் சபையில் சீனத்தின் இடத்தைப் பெய்ஜிங் அரசுக்கு அளிக்கும் தீர்மானத்தை முன்னின்று கொண்டுவந்தது அல்பேனியாவே. 1971 அக்டோபர் 25-ஆம் நாள் 76 நாடுகள் ஆதரிக்க, 35 நாடுகள் எதிர்க்க, அத்தீர்மானம் நிறைவேறியது. நம் இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. ஆனால் அடுத்த ஆண்டே அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் சென்று மாசேதுங்கோடு கைகுலுக்கினார். ஹோஜாவின் நெஞ்சில் பழைய நோய் மீண்டும் தலைதூக்கியது. 1978-இல் சீனம் தன் உதவியனைத்தையும் நிறுத்தியது. பாதி கட்டிய தொழிற்சாலைகளை விட்டுவிட்டுச் சீனப் பொறியாளர்கள் ஊர் திரும்பினர்.

அதற்குப்பின் அல்பேனியாவுக்கு உலகில் நண்பர் என்று எவரும் இல்லை. வார்சா உடன்படிக்கையிலிருந்து 1968-லேயே விலகியாயிற்று. 1975-இல் ஹெல்சிங்கியில் ஐரோப்பிய நாடுகள் கூடிக் கையொப்பமிட்டபோது, மலையிடுக்குச் சிற்றரசான அந்தோராவை விட்டுவிட்டால், விலகி நின்ற ஐரோப்பிய நாடு அல்பேனியா ஒன்றே. அமெரிக்காவோடு உறவில்லை, பிரிட்டனோடு உறவில்லை, கிரேக்கமோ சட்டப்படியான போர்நிலையை 1987-இல்தான் நீக்கிக்கொண்டது. எல்லையில் முள்வேலி. அவ்வேலி பகைவனைத் தடுத்ததைவிடத் தன் குடிமக்களைத் தடுத்ததே மிகுதி. அனுமதியின்றி எல்லை கடத்தல் தேசத் துரோகம். பிடிபட்டவன் தண்டனை அடைவான். பிடிபடாதவனுக்காக அவன் பெற்றோரும் உடன்பிறந்தாரும் தொலைவிலுள்ள சிற்றூருக்கு நாடு கடத்தப்படுவர்.

இங்கேதான் பதுங்கு குழிகளின் கதை வருகிறது. எத்திசையிலிருந்தும் எவரும் படையெடுக்கலாம் என்ற நினைவில், ஹோஜா நாடு முழுவதும் காங்கிரீட் கவிழ்த்த காளான்களைப் போன்ற பதுங்கு குழிகளைக் கட்டச் செய்தார். யோசிப் ஜகாலி என்ற பொறியாளர் வகுத்த அமைப்பு. முதற்குழியைச் செய்தவரையே அதனுள் நிற்கவைத்து வெளியேயிருந்து பீரங்கியால் சுட்டுப் பார்த்தார்கள் என்று ஒரு கதை அந்நாட்டில் வழங்குகிறது. மெய்யோ பொய்யோ, அவ்வாட்சியின் குணத்தை அது காட்டுகிறது. 1983-க்குள் ஒரு இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேற்பட்ட குழிகள் எழுந்துவிட்டன. சதுர கிலோமீட்டருக்கு ஆறு என்று கணக்கு வருகிறது. நம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 3,500 சதுர கிலோமீட்டர். அதே அளவில் இங்கே கட்டியிருந்தால் சங்கராபுரம் முதல் சின்னசேலம் வரை கரும்புத் தோட்டங்களிலும் மரவள்ளிக் கொல்லைகளிலும் கோயில் வாசல்களிலும் இடுகாட்டிலுமாக இருபதாயிரத்துக்கு மேல் நின்றிருக்கும். அல்பேனியாவில் அப்படித்தான் நின்றன: திராட்சைத் தோட்டத்தில், கடற்கரை மணலில், கல்லறைகளுக்கிடையில். மக்களுக்கு வீடு கட்ட வேண்டிய சிமெண்டும் இரும்பும் அவற்றுள் புதைந்தன. தனியார் மோட்டார் வண்டி வைத்துக்கொள்ளவே இசைவில்லாத அந்த நாட்டில், பாலும் இறைச்சியும் வாங்க விடியுமுன் வரிசையில் நிற்க வேண்டியிருந்த அந்த நாட்டில், காங்கிரீட்டுக்கு மட்டும் குறைவில்லை.

குழிகளை வகுத்த ஜகாலி 1974-இல் நாசவேலைக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறை சென்றார். பாதுகாப்பு அமைச்சர் பெக்கிர் பல்லூக்கு, படைத்தலைவர் பெத்ரித் தூமே ஆகியோர் 1975-இல் கொல்லப்பட்டனர். 1981 டிசம்பரில், இருபத்தேழு ஆண்டுகள் பிரதமராய் இருந்த மெஹ்மெத் ஷேஹு தம் படுக்கையறையில் சுடப்பட்டு இறந்து கிடந்தார். தற்கொலை என்றது அரசு. பின்னர், அவர் அமெரிக்க, சோவியத், யூகோஸ்லாவிய ஒற்றராகவும் ஒருங்கே பணியாற்றினார் என்றும் அறிவித்தது. வெளியிலிருந்து வரும் பகைவனைக் காணாத பீரங்கிகள், கடைசியில் உள்ளேயே திரும்பிக்கொண்டன. அந்நாட்டு இரகசியப் போலீசுக்குப் பெயர் ‘சிகுரிமி’. அல்பேனிய மொழியில் அச்சொல்லுக்குப் பாதுகாப்பு என்றே பொருள்!

அந்தப் பாதுகாப்பின் கண்களுக்குத் திருச்சபை எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதை இனி எளிதில் ஊகிக்கலாம். கத்தோலிக்கர்தம் தலைவர் நாட்டுக்கு வெளியே, அதுவும் படையெடுத்து வந்த இத்தாலியின் தலைநகரிலேயே வீற்றிருக்கிறார். எனவே ஒவ்வொரு குருவும் ஓர் அந்நிய அரசின் ஒற்றர். இதுவே அவர்களது வாதம். திருத்தந்தையின் தூதர் 1945-லேயே வெளியேற்றப்பட்டார். 1946 மார்ச்சில் இயேசு சபைக் குருக்களான ஃபௌஸ்தியும் தானியேல் தயானியும் சுட்டுக்கொல்லப்பட்டனர். துராஸ் நகரப் பேராயரும் கவிஞருமான வின்சென்ஸ் பிரென்னுஷி 1949-இல் சிறையிலேயே உயிர் துறந்தார். உரோமையோடு உறவை அறுத்துக்கொண்டு தேசியத் திருச்சபை அமைக்குமாறு குருக்கள் வற்புறுத்தப்பட்டனர். மறுத்தவர்க்குச் சிறையும் சாவும் காத்திருந்தன. இசுலாமிய இமாம்களும் கிழக்குத் திருச்சபையின் ஆயர்களும் இதே துன்பத்திற்கு ஆளாயினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நம்மவர் மட்டுமே வதைபட்டனர் என்று எழுதினால் அது நேர்மை ஆகாது.

அயல்நாட்டுக் கொள்கை எவ்வாறு ஒரு சிற்றூர்க் குருவின் பலிபீடம் வரை வந்தது என்பதற்கு எர்னஸ்ட் சிமோனி அடிகளின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1963 நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். திருத்தந்தை ஆறாம் பவுல் கேட்டுக்கொண்டதற்கிணங்க, அவரது ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சிமோனி அடிகள் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். ஒரு மாதம் கழிந்தது. டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு இரவுத் திருப்பலியை முடித்த அவரைச் சிகுரிமியினர் கைது செய்தனர். சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று, பகைநாட்டுத் தலைவனுக்காக மன்றாடியது! முதலில் மரணதண்டனை, பிறகு அது கடுங்காவலாக மாற்றப்பட்டது. ஸ்பாச் சுரங்கச் சிறையிலும் பிறவிடங்களிலும் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தார். 1981-இல் வெளியே விடப்பட்டபின் ஷ்கோடர் நகரின் சாக்கடைகளில் பணி செய்ய வைக்கப்பட்டார். அங்கும் இரகசியமாகத் திருப்பலி நிறைவேற்றினார், மனப்பாடமாக, இலத்தீனில்.

1967-இல் நிலை இன்னும் கொடிதாயிற்று. சீனத்தில் அப்போது நடந்த பண்பாட்டுப் புரட்சியைப் பார்த்து, ஹோஜாவும் பிப்ரவரியில் ஓர் உரை நிகழ்த்தினார். மாணவர் கூட்டங்கள் ஏவிவிடப்பட்டன. அவ்வாண்டுக்குள் கோவில்கள், பள்ளிவாசல்கள், மடங்கள் என 2,169 வழிபாட்டு இடங்கள் மூடப்பட்டன. ஷ்கோடர் பேராலயம் விளையாட்டரங்காயிற்று. உலகின் முதல் நாத்திக நாடு என்று அரசு தன்னைத்தானே புகழ்ந்துகொண்டது. 1975-இல் பொருந்தாப் பெயர்களை, அதாவது சமயப் பெயர்களை, மாற்றிக்கொள்ள ஆணை பிறந்தது. 1977-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டப்படி, சமயப் பிரசாரத்திற்கும் சமய நூல் வைத்திருந்ததற்கும் மூன்று முதல் பத்தாண்டு சிறை. பாட்டிமார் தலையணைக்கடியில் செபமாலையை மறைத்து வைத்தனர். குழந்தைகளுக்குச் செபம் சொல்லிக்கொடுக்கவும் அஞ்சினர், பள்ளியில் அக்குழந்தைகள் வாய்தவறிச் சொல்லிவிட்டால் குடும்பமே அழியும் என்பதால். ஷ்தியேபன் குர்தி என்னும் முதிய குரு, கைதிகளின் முகாமில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்ததற்காகக் கொல்லப்பட்டார் என்ற செய்தி 1973-இல் வெளியுலகை எட்டியபோது, மேலை நாடுகளே நம்பத் தயங்கின.

இப்போது அன்னை தெரேசாவின் குடும்பத்திற்கு வருவோம். தந்தை 1919-லேயே இறந்துவிட்டார். 1928-இல் பதினெட்டு வயதில் அவர் துறவறம் நாடி வீட்டை விட்டுப் புறப்பட்டபோது, தாயையும் தமக்கை ஆகாவையும் இனி இவ்வுலகில் காணப்போவதில்லை என்று எண்ணியிருக்க மாட்டார். 1929 சனவரி 6-ஆம் நாள் கல்கத்தா வந்து சேர்ந்தார். முப்பதுகளில் தாயும் தமக்கையும் ஸ்கோப்யேயிலிருந்து அல்பேனியத் தலைநகர் திரானாவுக்குக் குடிபெயர்ந்தனர். தமையன் லாசர் போரின்போது இத்தாலியப் படையில் பணிபுரிந்து, பின் இத்தாலியிலேயே தங்கிவிட்டார்; அல்பேனிய அரசு அவருக்கு, அவர் இல்லாமலேயே மரணதண்டனை விதித்திருந்தது. இவ்வாறு ஒரு தாய்க்குப் பிறந்த மூவருள் ஒருவர் அரசின் கண்ணுக்குப் போர்க்குற்றவாளி. ஒருவர் உரோமையின் ஊழியர். ஒருவர் தாயோடு சிறைபோன்ற நகரில்.

தாயார் முதுமையால் நலிவுற்றபோது, மகளை ஒருமுறை கண்டு கண்மூட விரும்பினார். அன்னை கல்கத்தாவிலிருந்தும் உரோமையிலிருந்தும் முயன்றார். தாயையும் தமக்கையையும் வெளியே அனுப்புமாறு கேட்கப்பட்டது, மறுக்கப்பட்டது. தாம் உள்ளே செல்வதெனில், திரும்பி வெளியே வர இயலும் என்ற உறுதி இல்லை. தெருவோரத்தில் ஆயிரமாயிரம் பேருக்கு மகளாய் நின்று கண்மூடியவருக்கு, ஈன்றவளின் படுக்கையருகே நிற்க இடமில்லை. 1972-இல் தாயார் இறந்தார். அடுத்த ஆண்டு தமக்கை ஆகாவும் இறந்தார். அம்முதிய விதவையைக் காண ஒரு கன்னியர் வந்துபோவதால், ஒரு இலட்சத்து 73 ஆயிரம் பதுங்கு குழிகள் கட்டத் துணிந்த அரசுக்கு என்ன தீங்கு நேர்ந்திருக்கும்? ஆனால் அவ்வரசின் தருக்கப்படி நோக்கினால், ஒருவருக்கு வாயில் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டும். எல்லாருக்கும் திறந்தால் அவ்வரசு நில்லாது. அந்த அளவில் அவர்களுடைய கணக்கு சரியே.

ஹோஜா 1985-இல் இறந்தபின் பிடி சிறிது தளர்ந்தது. 1989 ஆகஸ்டில் அன்னை தெரேசா திரானாவில் காலடி வைத்தார். வீட்டை விட்டுப் புறப்பட்டு அறுபத்தோராண்டுகள் ஆகியிருந்தன. ஹோஜாவின் மனைவி நெஜ்மியே அவரை வரவேற்றார். தாயின் கல்லறையிலும் தமக்கையின் கல்லறையிலும் செபித்த அன்னை, ஹோஜாவின் கல்லறையிலும் மலர் வைத்தார். இதற்காக அவரைக் கடுமையாகக் குறைகூறியவர் உண்டு. ஆயிரக்கணக்கானோரைக் கொன்றவனுக்கு மலரா என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் தாயின் கல்லறைக்கு வழி அந்தக் கல்லறை வழியேதான் சென்றது என்பதையும் நினைக்க வேண்டும். ஈராண்டில், 1991-இல், அவருடைய சகோதரியர் திரானாவில் இல்லம் திறந்தனர். இன்று அந்நகருக்கு வானூர்தியில் வந்திறங்கும் எவரும் அன்னை தெரேசா விமான நிலையத்தில்தான் இறங்குகின்றனர்.

எஞ்சியதை விரைந்து சொல்லிவிடலாம். 1990 ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் திரானாவிலிருந்த அயல்நாட்டுத் தூதரகங்களின் சுவர்களில் ஏறிக் குதித்து அடைக்கலம் புகுந்தனர். நவம்பரில் ஷ்கோடர் கல்லறைத் தோட்டத்தில், இருபத்தாறு ஆண்டுகள் சிறையிலிருந்த சிமோன் யுபானி அடிகள் வெட்டவெளியில் திருப்பலி நிறைவேற்ற, இசுலாமியரும் கூடவே வந்து நின்றனர். 1991 பிப்ரவரியில் திரானாச் சதுக்கத்தில் ஹோஜாவின் சிலை சாய்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘வ்லோரா’ என்னும் ஒரே கப்பலில் ஏறத்தாழ இருபதாயிரம் பேர், பாய்மரக் கம்பங்களிலும் தொங்கிக்கொண்டு, இத்தாலியின் பாரி துறைமுகத்தை அடைந்தனர். 1939-இல் படை வந்த கடல்வழியே, எதிர்த்திசையில் பசி சென்றது. 1993 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வந்து, மீட்கப்பட்ட ஷ்கோடர் பேராலயத்தில் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். அவர்களுள் ஒருவரான பிரானோ இல்லியா முன்பு மரணதண்டனை விதிக்கப்பட்டவர். 2009-இல் அல்பேனியா, தான் நெடுங்காலம் அஞ்சிய நேட்டோ அணியிலேயே உறுப்பாயிற்று.

2014 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிசு திரானாவுக்கு வந்தபோது, எண்பத்தைந்து வயதான சிமோனி அடிகள் எழுந்து தம் கதையைச் சில நிமிடங்களில் சொன்னார். கேட்ட திருத்தந்தை கண்ணீர் விட்டார். ஈராண்டு கழித்து, 2016 நவம்பர் 5-ஆம் நாள், பிரென்னுஷியும் குர்தியும் உள்ளிட்ட 38 மறைசாட்சிகள் ஷ்கோடரில் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவிக்கப்பட்டனர். அதே மாதம் 19-ஆம் நாள் சிமோனி கர்தினாலாக உயர்த்தப்பட்டார். ஆயராகவும் இராத ஓர் எளிய குரு, சாக்கடை வெட்டியவர்.

பதுங்கு குழிகள் இன்னும் நிற்கின்றன. இடிப்பதற்குச் செலவு அதிகம். இரும்புக் கம்பிக்காகச் சிலவற்றை உடைத்தார்கள். சிலவற்றில் வைக்கோல் அடுக்குகிறார்கள். மழை வந்தால் ஆடுகள் ஒதுங்குகின்றன. கடற்கரையில் சிலவற்றைத் தின்பண்டக் கடைகளாக்கிவிட்டார்கள். திரானாவுக்கு அருகே அணுப்போருக்கென்று மலைக்கடியில் ஐந்து அடுக்குகளாய் 106 அறைகளோடு ஹோஜாவுக்காகக் குடையப்பட்ட சுரங்க மாளிகை, 2014 முதல் அருங்காட்சியகமாய் இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கினால் அவருக்கென ஒதுக்கிய அறையையும் மேசையையும் தொலைபேசியையும் பார்க்கலாம். அவர் அங்கே தஞ்சம் புக வேண்டிய போர் வரவே இல்லை.